காலையில் எழாத கம்ப்யூட்டர்

எட்டாம் வகுப்பு அறிவியல் வினாத்தாளில் 'பொருத்துக' பகுதியை அடித்துக்கொண்டிருந்தபோது திரை பொட்டென்று கறுத்தது. பொற்கொடி கீபோர்டிலிருந்து விரல்களை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கரண்டு போகவில்லை. டியூப்லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. மேசைக்கடியில் இருந்த பெட்டி மட்டும் மூச்சடங்கி, பிறகு தானாகவே உறுமிக்கொண்டு எழுந்து, ஒன்றும் நடக்காதது போல முதலிலிருந்து ஆரம்பித்தது.

"அடப்பாவி, சேவ் பண்ணலையே" என்று வாய்விட்டே சொன்னாள்.

இரண்டாயிரத்து ஏழு டிசம்பர். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஓசூர் வந்தவள் பொற்கொடி. கணவன் மாடசாமிக்கு சிப்காட்டில் கியர் செய்யும் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அவன் வாங்கிப் போட்ட கம்ப்யூட்டரில் அவள் தானாகவே தமிழ்த் தட்டச்சு பழகி, சுற்றுவட்டாரத்தில் நான்கு தனியார் பள்ளிகளுக்கு வினாத்தாள் அடித்துக் கொடுத்துவந்தாள். அந்த வேலைக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. வினாத்தாள் தேர்வுக்கு முன் அவள் வீட்டு வாசலைத் தாண்டிப் பள்ளிக்குத்தான் போக வேண்டும், வேறெங்கும் போகக் கூடாது. அரையாண்டுத் தேர்வு அடுத்த திங்கட்கிழமை. சனிக்கிழமை எல்லாத் தாள்களையும் கட்டிக் கொடுத்தாக வேண்டும். பாதிகூட முடியவில்லை. அடித்து முடித்ததெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் கிடந்தது.

கம்ப்யூட்டரை முதலில் மாட்டிக்கொடுத்த சென்றாயனுக்குப் போன் போட்டாள். அவர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னதாகக் கடை வைத்திருப்பவர்.

"சூடாவுதுக்கா. தொறந்து தூசி தட்டிப் பாருங்க. அப்புடியும் நிக்கலன்னா சிபியூவ கொண்டாந்து கடையில வுட்டுட்டுப் போங்க. ஒரு கம்பெனியில லேப் போட்டுட்டிருக்கேன், நாலு நாள் ஆவும்."

நாலு நாள் காத்திருக்க அவளுக்கு நேரமும் இல்லை, வினாத்தாளோடு பெட்டியைக் கடையில் விடவும் முடியாது. பிரவுசிங் சென்டருக்கும் போக முடியாது. அவள் வைத்திருந்த தமிழ் மென்பொருள் ஒரு பூட்டு இருந்தால்தான் வேலை செய்யும். கட்டைவிரல் நீளத்தில், பிரிண்டர் ஒயர் மாட்டுகிற இடத்தில் செருகும் பூட்டு. அதைத் தூக்கிக்கொண்டு ஊரார் நடுவில் உட்கார்ந்து பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளை அடிப்பதாவது!

இரும்புப் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். உள்ளே நான்கு வருஷத்துத் தூசி. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டித் துடைத்து மூடினாள். அன்று மத்தியானம் முழுவதும் ஒரு தொந்தரவும் இல்லை. 'அவ்வளவுதானா!' என்று நினைத்துத் தலைகால் புரியாமல் ஒன்பதாம் வகுப்புத் தாளையும் முடித்துவிட்டாள்.

மறுநாள் காலை சுவிட்சைப் போட்டால் பெட்டியின் விளக்கு எரிந்தது, உள்ளே விசிறி சுற்றியது, உடனே நின்றது. மறுபடி அமுக்கினாள், நின்றது. அமுக்கி அமுக்கி விரல் நொந்தபிறகு ஒருவழியாக எழுந்தது. எழுந்தும் இரண்டு முறை அணைந்தது. போகப் போகச் சரியாகி, வெயில் ஏறியபின் சமர்த்தாக ஓடியது.

டீ டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. ஓசூர்க் குளிரில் அவளுக்கே விரல் மடங்க நேரமாகிறது. சூடு ஏறுவதால் நிற்கிறதென்றால் மத்தியானத்தில் அல்லவா நிற்க வேண்டும்? இது காலையில் சில்லிட்டுக் கிடக்கும்போது நிற்கிறது, சூடேறினால் ஓடுகிறது. எல்லாம் தலைகீழ்!

டம்ளரை வைத்துவிட்டு வெளியே ஓடினாள். அடுத்த வீட்டு முன்னறையில் பியூட்டி பார்லர் வைத்திருந்த சுகுணா அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். சுகுணா கெலமங்கலத்துப் பெண். விவசாயக் குடும்பம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஒரே வேகத்தில் சண்டை போடுவாள்.

"சுகுணா, அதுக்குச் சூடு பிரச்சினையே இல்ல! குளிருதான்!"

"யாருக்குக்கா?"

"கம்ப்யூட்டருக்கு!"

சுகுணா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பொற்கொடி மூச்சுவிடாமல் விஷயத்தைச் சொல்லி முடித்து, "ஒன்கிட்ட முடி காயவைக்கிற மெஷின் இருக்கில்ல? நாளைக்குக் காலையில எனக்கு வேணும்" என்றாள்.

"மெஷினோட நானும் வர்றேன். இந்தக் கூத்த நான் பாக்காம வேற யாரு பாக்கறது?"

புதன்கிழமை காலை ஜன்னல் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. பெட்டியை மூடியில்லாமல் மேசைமேல் படுக்கவைத்திருந்தார்கள். பொற்கொடி சுவிட்சை அமுக்கினாள். எழுந்து விழுந்தது. "பாத்தியா?" என்றாள், ஏதோ தான் வளர்த்த பிள்ளை சொன்னபடி நடந்துவிட்டது போல.

அவள் போட்டிருந்த திட்டம் எளிமையானது. உள்ளே ஒவ்வொரு பகுதியாகச் சூடு காட்ட வேண்டும். எதைச் சூடாக்கினால் எழுகிறதோ அதுதான் குற்றவாளி. முதலில் கரண்டு வந்து இறங்கும் பின்பக்கத்து இரும்பு டப்பா, எஸ்எம்பிஎஸ். சுகுணா மெஷினை மிதமான சூட்டில் வைத்து, கல்யாணப் பெண்ணின் கூந்தலுக்குக் காட்டுவது போலத் தள்ளிப் பிடித்து ஊதினாள். டப்பா வெதுவெதுப்பானது. பொற்கொடி அமுக்கினாள்.

எழுந்து, விழுந்தது.

"இது இல்ல" என்றாள். குரலே கிசுகிசுப்பாகிவிட்டது. "இப்ப அந்தப் பச்சைப் பலகை. நடுவுல விசிறி இருக்கில்ல, அதுக்குப் பக்கத்துல."

சுகுணா மதர்போர்டின் பக்கம் திரும்பி ஊதினாள். வெளியே பால்காரர் ஹாரன் அடித்துப் போனார். பொற்கொடி கையைப் பலகைக்கு மேலே நீட்டிச் சூட்டைப் பார்த்து, "போதும்" என்று சொல்லி அமுக்கினாள்.

விசிறி சுற்றியது, நிற்கவில்லை. 'பீப்' என்று ஒரு சத்தம். திரையில் எழுத்துகள் வரிசையாக ஓடின.

"எழுந்திருச்சிருச்சு!" என்று பொற்கொடி கத்தினாள். சுகுணா முடி காயவைக்கும் மெஷினைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

இந்தச் சத்தத்தில்தான் மாடசாமி நைட் ஷிஃப்ட் முடிந்து உள்ளே நுழைந்தான். வாய்பிளந்து கிடந்த பெட்டியையும், கையில் மெஷினோடு நின்ற சுகுணாவையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்ன நடக்குது இங்கன? சாமானைப் பூராவும் பிரிச்சுப் போட்டுட்டீகளா?"

"ஏங்க, சும்மா இருங்க. இங்க வந்து டார்ச் அடிங்க."

செருப்பைக் கழற்றக்கூட விடாமல் அவனை இழுத்துவந்தாள். மூன்று தலைகளும் பெட்டிக்குள் குனிந்தன. விசிறியைச் சுற்றிச் சின்னச் சின்ன உருளைகள் வரிசையாக நின்றிருந்தன. சிலவற்றின் தலை தட்டையாக இருந்தது. ஐந்தாறின் தலை மட்டும் பூரி மாதிரி உப்பி, ஒன்றில் வெடிப்பு விட்டு, காய்ந்த காபிக் கறை போல ஏதோ வழிந்திருந்தது.

மாடசாமியின் தூக்கம் போய்விட்டது. "அட, கெப்பாசிட்டர்! எங்க மெஷின் போர்டுலயும் இப்படித்தான் உப்பும். உள்ள இருக்கிற தண்ணி வத்திரும். அப்புறம் காலையில ஸ்டார்ட் ஆகவே மாட்டேங்கும்."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ எங்க கேட்ட?"

சென்றாயனுக்குப் போன் போனது. அவர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பதை நிறுத்தினார். "முடி மெஷின் வெச்சா கண்டுபுடிச்சீங்க? சபாசுக்கா. அது போர்டு பிரச்சினதான். ஒவ்வொண்ணா எடுத்துப் புதுசு வெச்சும் ஒட்டலாம். ஆனா அதுக்கும் எங்கிட்ட நேரமில்ல. இந்த மாடல் போர்டு ஓசூர்ல கெடைக்காது. பெங்களூர் எஸ்.பி. ரோடு போயிடுங்க. எதுவும் சந்தேகம்னா போன் பண்ணுங்க."

வியாழக்கிழமை பார்லருக்கு லீவு. மாடசாமி முந்தின நாளே கழற்றிக் கொடுத்த பழைய மதர்போர்டை ஒரு துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, தமிழ்ப் பூட்டைப் பர்ஸில் போட்டுக்கொண்டு, பொற்கொடி சுகுணாவோடு பெங்களூர் பஸ் ஏறினாள். அத்திப்பள்ளியைத் தாண்டியதும் கடைப் பலகைகளெல்லாம் கன்னடத்துக்கு மாறின. ஓசூருக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவள் பெங்களூருக்குப் போனதெல்லாம் மாடசாமியோடு, கல்யாணம் காதுகுத்து என்றுதான். சொந்த வேலையாக, தானே முடிவெடுக்கப் போவது இதுதான் முதல் தடவை. ஜன்னல் காற்று முகத்தில் அடிக்க அடிக்க, மடியிலிருந்த பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

எஸ்.பி. ரோடு என்று பேர்தான் ரோடு. இரண்டு பக்கமும் கடைக்குள் கடை, மாடிக்கு மேல் மாடி. மானிட்டர்களை அடுக்கித் தலையில் சுமந்து வருகிறவர்கள் 'சைடு, சைடு' என்று கூவிக்கொண்டு போனார்கள். தரையில் விரித்த தார்ப்பாயில் கீபோர்டுகள் கீரைக்கட்டு போலக் குவிந்து கிடந்தன. பொற்கொடிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஒவ்வொரு கடை வாசலிலும் நின்றாள். சுகுணா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடந்தாள்.

முதலில் நுழைந்த கடையில் அவள் பழைய போர்டைப் பார்த்ததும், அதே மாடல் ஒன்றை உள்ளேயிருந்து எடுத்துவந்தார்கள். பழையது, ஆனால் ஓடும் என்றார்கள். இதை வாங்கினால் ஏற்கெனவே இருக்கும் பிராசசர், ராம் எல்லாம் அப்படியே உட்காரும். வேலை சுலபம், செலவும் கம்மி. பொற்கொடிக்கு மனசு சாய்ந்துவிட்டது. ஆனாலும் சாவிக்கொத்தில் தொங்கிய குட்டி டார்ச்சை எடுத்து, விசிறி உட்காரும் இடத்தைச் சுற்றி வெளிச்சம் காட்டினாள்.

மூன்று உருளைகளின் தலை லேசாக, மிக லேசாக, எழும்பியிருந்தது.

"சுகுணா, இங்க பாரு. இதுக்கும் அதே சீக்கு!"

கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டு, "ஆமாம்மா, நான் கவனிக்கலை. இந்த மாடல்ல எது வந்தாலும் இப்ப இப்படித்தான் வருது. புதுசா போயிடுங்க" என்று பெருந்தன்மையாக அவரே எதிர்க்கடையைக் காட்டினார்.

எதிர்க்கடைக்காரர் கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். சுகுணா போனவுடனேயே, "ஹொசது தோர்ஸி அண்ணா" என்று கன்னடத்தில் புதியதைக் காட்டச் சொல்லிவிட்டாள். அவர் ஒரு நீல நிறப் போர்டை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து வைத்தார். பளபளவென்று புதுத்தட்டு போல இருந்தது. பொற்கொடி அதைக் கையில் வாங்கவே கூச்சப்பட்டாள். பின்பக்கம் திருப்பினாள். பர்ஸிலிருந்து தமிழ்ப் பூட்டை எடுத்து, மாட்டும் இடம் தேடினாள். இடமே இல்லை.

"இது மாட்டற ஓட்டை எங்கண்ணா?" என்று சுகுணா கேட்டாள்.

"பேரலல் போர்ட்டா? இப்ப எல்லாம் யூஎஸ்பிதாம்மா. அது யாருக்கும் வேண்டாம்."

"எனக்கு வேணும்" என்றாள் பொற்கொடி. "இது இல்லாட்டா எனக்கு ஒரு எழுத்து வராது. அப்புறம், என் பழைய ஹார்டு டிஸ்க்கு மாட்டற பட்டை ஒயருக்கும் எடம் வேணும். என் வேலை பூராவும் அதுக்குள்ளதான் இருக்கு."

கடைக்காரர் அவளை இப்போது நன்றாகப் பார்த்தார். பிறகு ஏணி போட்டு மேல்தட்டிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்தார். பச்சை நிறம், அவ்வளவு பளபளப்பில்லை. ஆனால் பின்பக்கத்தில் ரோஸ் நிறத்தில் அகலமாக ஒரு துளைவரிசை இருந்தது. பொற்கொடி பூட்டை வைத்து அமுக்கினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. சுகுணா கைதட்டியே விட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பட்டை ஒயருக்கு ஒரே ஒரு இடம் இருந்தது. ஒன்று போதும். உருளைகளைப் பார்த்தாள். பிராசசரைச் சுற்றியிருந்தவை எல்லாம் வேறு மாதிரி, மேலே பிளாஸ்டிக் உறையே இல்லாமல் வெறும் உலோகமாக நின்றன.

"அது சாலிட் டைப்பும்மா. உள்ள தண்ணியே கிடையாது. உப்பாது" என்றார் கடைக்காரர்.

இந்தப் போர்டுக்குப் பிராசசரும் ராமும் புதுசாகத்தான் வாங்க வேண்டும். பொற்கொடி நகத்தைக் கடித்தாள். வாசலில் நின்று மாடசாமிக்குப் போன் போட்டாள். அவன் ஒரே வாக்கியத்தில் முடித்தான். "நீதானே கண்டுபிடிச்ச, நீயே முடிவு பண்ணு."

ட்யூயல் கோர் பிராசசர் ஒன்று, ஒரு ஜிபி ராம் ஒன்று. சொல்லும்போதே அவளுக்கு நாக்கு இனித்தது. பழையதில் இருந்ததைப் போல நாலு மடங்கு ராம்! கடைக்காரர் எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றச் சொன்னார். அங்கேதான் அவள் அசையவில்லை.

"அது நல்லா இருக்குன்னு சோதிச்சுப் பாத்தாச்சுங்க. எல்லாத்தையும் புதுசா வாங்குறதுன்னா, எது கெட்டுப்போச்சுன்னு நான் எதுக்கு மெனக்கெட்டுக் கண்டுபிடிக்கணும்?"

அவர் சிரித்துவிட்டார். அவளுடைய பழைய எஸ்எம்பிஎஸ் பிளக் இதில் உட்காரும், ஓரத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சும், பயப்பட வேண்டாம் என்றார். சுகுணா கன்னடத்தில் பேரத்தை ஆரம்பித்து, தெலுங்குக்குத் தாவி, அவரும் தெலுங்குக்காரர்தான் என்று கண்டுபிடித்து, அவர் சம்சாரத்தின் ஊர் வரைக்கும் விசாரித்து ஒரு நியாயமான இடத்தில் முடித்தாள். கவுண்டரிலேயே எல்லாவற்றையும் மாட்டி, திரையில் எழுத்து ஓடுவதைக் காட்டியபிறகுதான் பொற்கொடி பையில் வைக்கச் சம்மதித்தாள். திரும்பும் பஸ்ஸில் அட்டைப்பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். சுகுணா பெங்களூர் எல்லைக்குள்ளேயே, சில்க் போர்டு ஸ்டாப்பைத் தாண்டுவதற்குள் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. காலையில் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கி எழுந்த மாடசாமிக்கு அன்றிரவு வீக்லி ஆஃப். ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகக் காத்திருந்தான். அவன் திருகினான், அவள் ஒயர்களை மாட்டினாள், சுகுணா டார்ச் அடித்தாள். எல்லாம் முடிந்து பொற்கொடி சாமி படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவிட்சை அமுக்கினாள்.

விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

மறுபடி அமுக்கினாள். விசிறி மட்டும் ஜம்மென்று சுற்றியது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொற்கொடி இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தாள். கடையில் ஓடியதே! வரும் வழியில் ஏதாவது அடிபட்டுவிட்டதா? தன் கையாலேயே கெடுத்துவிட்டாளா? உட்காரப் போனவள், சட்டென்று நிமிர்ந்தாள். பயப்பட ஆரம்பித்தால் யோசிக்க முடியாது. கடையில் இருந்தது என்ன, இங்கே இல்லாதது என்ன? கடைக்காரர் மாட்டியதை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டினாள். பெரிய பிளக், ராம், விசிறி ஒயர், அப்புறம் சதுரமாக ஒரு குட்டி பிளக்...

"நாலு ஒயர் பிளக்கு! அதை மாட்டவே இல்லைங்க!"

அது எஸ்எம்பிஎஸ் ஒயர்க்கொத்துக்குப் பின்னால் ஒளிந்து கிடந்தது. மாட்டினாள். அமுக்கினாள். 'பீப்!' மாடசாமி அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான், கொஞ்சம் பலமாகவே.

சந்தோஷம் முழுசாக நிலைக்கவில்லை. விண்டோஸ் வர வேண்டிய இடத்தில் நீலத்திரை வந்து நின்றது. ஆனால் இந்தத் தடவை பொற்கொடி பதறவில்லை. சென்றாயனைக் கூப்பிட்டாள்.

"போர்டு மாறுனா அப்புடித்தான் வரும்க்கா. பழைய சிடிய போடுங்க. ரிப்பேர்னு ஒண்ணு கேக்கும், அதுக்குப் போங்க. ஃபார்மட்னு மட்டும் எங்கியும் கைய வெச்சிடாதீங்க. வெச்சீங்கன்னா எல்லாம் போச்சு."

ஒவ்வொரு திரையையும் அவள் போனில் வாசிக்க, அவர் சொல்லச் சொல்ல, அவள் அமுக்கினாள். கடைசியில் அவள் வைத்திருந்த பச்சை வயல் படம் திரையில் விரிந்தது. ஃபோல்டரைத் திறந்தாள். நான்கு பள்ளிகளும் இருந்தன. தமிழ் மென்பொருளைத் திறந்து 'அ' அடித்தாள். வந்தது. 'அரையாண்டுத் தேர்வு' என்று அடித்தாள். வந்தது, அவள் விரலைவிட வேகமாக வந்தது. முன்பெல்லாம் அவள் ஒரு வரி அடித்துவிட்டுக் காத்திருப்பாள், எழுத்துகள் பின்னால் நொண்டிக்கொண்டு வரும்.

வெள்ளிக்கிழமை காலை முந்தின நாட்களைவிடக் குளிராக இருந்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டே வந்து ஒரே ஒரு தடவை அமுக்கினாள். எழுந்து நின்றது. அதற்குப் பிறகு அவள் தலைநிமிரவில்லை. சுகுணா இரண்டு வேளையும் சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள். பிரிண்டர் மூச்சுவாங்கத் துப்பிக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை கடைசிப் பள்ளியில் தலைமையாசிரியை பார்வதி மேடத்திடம் உறையிட்டு ஒட்டிய கட்டுகளைக் கொடுத்தபோது, அவர் மேலோட்டமாக எண்ணிப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவ சீக்கிரமா கொண்டாந்துட்டீங்க போல" என்றார். பொற்கொடி, "ஆமா மேடம்" என்று மட்டும் சொன்னாள். வாயைத் திறந்தால் முடி மெஷினில் ஆரம்பித்து எஸ்.பி. ரோடு வரை கொட்டிவிடுவோம் என்று பயந்து சீக்கிரமாக வெளியே வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாடசாமி தன் கூட வேலை பார்க்கும் அசோக்குமாரை வீட்டுக்குக் கூட்டிவந்தான். பெட்டியின் மூடியை இன்னும் போடாமலே வைத்திருந்தான். பொற்கொடியைப் போட விடவில்லை என்பதுதான் சரி. பொற்கொடி அடுப்படியில் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் பேசுவது நன்றாகவே கேட்டது.

"இது பூராவும் எங்க வீட்டுல மாட்டுனதுடே. பெங்களூர் போயி அவளே பாத்து வாங்கிட்டு வந்தா. பாரு, இதான் ராமு. இந்தா இருக்கே, இது பிராசசரு..."

"இவ்வளவு பெருசாவா இருக்கும்?" என்று அசோக்குமார் ஆச்சரியப்படுவது கேட்டது.

பொற்கொடிக்குப் பொறுக்கவில்லை. கரண்டியோடு வெளியே வந்தாள்.

"ஏங்க, அது விசிறி. பிராசசர் அதுக்கு அடியில இருக்கு, கண்ணுக்கே தெரியாது. நகருங்க, நான் காட்டுறேன்."

இரண்டு பேரும் விலகி வழிவிட்டார்கள். அடுப்பில் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பொற்கொடி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கரண்டிக் காம்பின் நுனியால் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.